கோப்பையைப் பார்த்து ஹாக்கிப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பை ஹாக்கியில், அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று நொறுங்கிப்போன நம் பையன்கள், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து, கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் போட்டு வெண்கலம் வென்றதைக் கண்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த மகிழ்ச்சியோடு ஓர் உறுத்தலும் சேர்ந்தே வந்தது. போட்டி நடந்தது நம் மண்ணில். 18 பேர் கொண்ட இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன்கூட இல்லை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய வி. பாஸ்கரனைக் கொடுத்த மாநிலம் இது.

அதிலிருந்து, எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தில் நாலு ஹாக்கிக்காரர்கள் கூடினால் மாநில ஹாக்கியை அடியிலிருந்து மறுபடியும் கட்ட வேண்டும் என்ற பேச்சுதான். டர்ஃப் என்கிற செயற்கைப் புல்தரை வேண்டும், விடுதி வேண்டும், உணவுப்படியை உயர்த்த வேண்டும் என்று பேசுகிறார்கள், எல்லாம் நியாயமே. பையன்களை யார் கையில் ஒப்படைப்பது என்ற கேள்வி மட்டும் கடைசியில் வருகிறது. அதற்கும் 'பேர்பெற்ற ஒருவரைப் போட்டுவிட்டால் போதும்' என்ற ஒற்றை வரியில் பதில் முடிந்துவிடுகிறது. 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

பயிற்சியாளர் நேர்காணல்களில் பொதுவாகக் கேட்கப்படுவது மூன்று. இந்தியாவுக்கோ மாநிலத்துக்கோ ஆடியிருக்கிறாரா, பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர் பட்டயம் பெற்றிருக்கிறாரா, அவருடைய அணிகள் எத்தனை கோப்பை வாங்கியிருக்கின்றன. முதல் இரண்டில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. மூன்றாவது கேள்விதான், வளரும் வயதுப் பையன்களைப் பொறுத்தவரை, தவறான ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறது.

அது எப்படி என்பதை மைதானத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். நம் மாவட்டங்களில் பெரும்பாலான பையன்கள் மட்டை பிடிப்பது செம்மண் தரையில். அங்கே பந்து நேராக உருண்டு வராது. கல்லில் பட்டுத் துள்ளும். அதனால் பையன் நிமிர்ந்து நின்று, மட்டையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, பந்து வருகிற உயரத்தைப் பார்த்து நிறுத்தப் பழகுகிறான். தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு விரையும். முழங்காலை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, மட்டையைத் தரையோடு படுக்க வைத்திருந்தால் ஒழிய அது அடியில் புகுந்து போய்விடும். ஐந்து வருடம் பழகிய நிலையை 14 வயதில் மாற்றுவது என்பது இடக்கையால் எழுதச் சொல்வதற்குச் சமம். மாற்றுகிற அந்த ஆறு மாதமோ ஒரு வருடமோ பையன் முன்பைவிட மோசமாகத்தான் ஆடுவான்; அணியும் தோற்கும். கோப்பைக் கணக்கைக் காட்டி வேலையைத் தக்கவைக்க வேண்டிய பயிற்சியாளர் இந்த வம்பில் ஏன் இறங்கப் போகிறார்? பையனை அப்படியே ஆடவிட்டு, இந்த வருடக் கோப்பையை வாங்கிவிட்டு, குறையை அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்.

எதிரணி தன் கோல் வட்டத்துக்குள் தவறு செய்தால் நமக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பான பெனால்டி கார்னரிலும் இதே கதைதான். பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி எறிகிற டிராக் ஃபிளிக்கைப் பலமாக அடிக்கத் தெரிந்த ஒரே ஒரு பையன் இருந்தால் போதும், பள்ளி அளவில் பாதிக் கோப்பைகளை வென்றுவிடலாம். அந்த வயதுக் கோல்கீப்பர்களால் அதைத் தடுக்க முடியாது. ஆகவே மற்ற பத்துப் பேரும் எதிரணி வட்டத்துக்குள் பந்தைக் கொண்டுபோய், யார் காலிலாவது பட வைத்துக் கார்னர் வாங்குவதையே ஆட்டம் என்று நினைத்து வளர்கிறார்கள். 13 வயதில் நாளுக்கு நூறு முறை இடுப்பை முறுக்கி அந்த அடியை அடிக்கிற பையனின் முதுகு 19 வயதில் என்ன ஆகும் என்பதைச் சொல்ல மருத்துவர் தேவையில்லை. வயதுச் சான்றிதழில் நடக்கிற கோல்மால்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் அதற்கே தனிக் கடிதம் வேண்டும். அவற்றின் வேரும் இதே கோப்பை ஆசைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஊரில் நடந்த சிறுவர் போட்டி. மணி பார்த்து, யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்வது என் பழைய வழக்கம். கோப்பையை வென்ற அணியில் ஐந்து பையன்கள் போட்டி முழுவதும் பெஞ்சை விட்டு எழவே இல்லை. தோற்ற அணிகளில் ஒன்றுக்கு, அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே காலையும் மாலையும் பயிற்சி கொடுத்த ஒருவர் வந்திருந்தார். அவருடைய ரைட் ஹாஃப் பையன், அதாவது வலப்பக்க நடுவரிசையில் ஆடுகிறவன், முதல் பாதியிலேயே இரண்டு முறை பந்தை விட்டு, இரண்டும் கோலாகிவிட்டன. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 'அவனை வெளியே எடுங்க சார்' என்று கத்தினார்கள். இடைவேளையில் அவர் பையனைக் கூப்பிட்டு, மட்டையின் அடிப்பாகத்தைத் தன் கையாலேயே தரையில் அழுத்தி வைத்து, "இங்கேயே இருக்கட்டும் தம்பி, பந்து தன்னால வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதே இடத்தில் மறுபடியும் இறக்கினார். அந்த ஆட்டம் 1-4 என்று முடிந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து மாநில அணிக்கு ஆடியவர்களில் அந்த ரைட் ஹாஃபும் இருந்தான். கோப்பையை வென்ற அணியிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்துச் சட்டம் போடக் கூடாதுதான். ஆனால் என் நோட்டில் இதுபோன்ற பக்கங்கள் நிறைய இருக்கின்றன.

நாடு தழுவிய அளவில் பார்த்தாலும் பாடம் வேறல்ல. 2013-ல் டெல்லியில் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் சொந்த மைதானத்தில் நாம் பத்தாம் இடம். அதன்பிறகு ஹரேந்திர சிங் இளையோர் அணியைக் கையில் எடுத்தார். 2016-ல் லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்று கோப்பை வாங்கினோம். அந்தக் கோப்பையைவிடப் பெரிது அடுத்து நடந்தது. அன்றைய அணியில் இருந்த ஹர்மன்பிரீத், வருண் குமார், சுமித், நீலகண்ட சர்மா, சிம்ரன்ஜீத், குர்ஜந்த், மன்தீப் ஆகிய ஏழு பேர், 41 ஆண்டுகளுக்குப் பிறகு பதக்கம் கொண்டுவந்த டோக்கியோ ஒலிம்பிக் அணியில் ஆடினார்கள். லக்னோ இறுதி ஆட்டத்தில் கோல் போட்ட சிம்ரன்ஜீத்தான், டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வீழ்த்திய வெண்கல ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டவர். இளையோர் பயிற்சியாளருக்கு மதிப்பெண் போடுவதென்றால் இப்படித்தான் போட வேண்டும்.

ஆனால் அந்த மனிதரை நாம் என்ன செய்தோம்? 2017-ல் மகளிர் அணிக்கு அனுப்பினோம். 2018 மே மாதம் ஆண்கள் அணிக்கு மாற்றினோம். அந்த ஆண்டு உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்திடம் தோற்றதும், 2019 ஜனவரியில், எட்டே மாதத்தில் பதவியிலிருந்து நீக்கி, மறுபடியும் இளையோர் அணிக்குப் போகச் சொன்னோம். இவர் ஒருவர் கதை மட்டும் இல்லை. 2014-ல் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்த ஆண்கள் அணிப் பயிற்சியாளர் டெர்ரி வால்ஷ் அடுத்த மாதமே விலகினார். அவருக்குப் பின் வந்த பால் வான் ஆஸ் 2015 ஜூலையைத் தாண்டவில்லை. மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகளுக்குக்கூட இதைவிட அதிக அவகாசம் கிடைக்கும்.

பெல்ஜியத்தைப் பாருங்கள். 1976-க்குப் பிறகு 2008 வரை ஒலிம்பிக் பக்கமே தலைகாட்டாத நாடு. 2016-ல் வெள்ளி, 2018-ல் உலகக் கோப்பை, டோக்கியோவில் தங்கம். அங்கும் தலைமைப் பயிற்சியாளர்கள் மாறியிருக்கிறார்கள். ஆனால் சிறுவர்களை வளர்க்கும் திட்டம் அவர்களோடு சேர்ந்து மாறவில்லை. வந்தவர்கள் அதன்மேலேயே கட்டினார்கள்.

பெரிய ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆக மாட்டார் என்று நான் சொல்லவில்லை. பாரீஸ் ஒலிம்பிக் முடிந்த கையோடு இந்திய அணியின் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷை இளையோர் அணிக்குப் பயிற்சியாளராக்கியபோது, 'பெயருக்காகப் போடுகிறார்கள்' என்று முணுமுணுத்தவர்களில் நானும் உண்டு. 2024-ல் மஸ்கட்டில் இளையோர் ஆசியக் கோப்பை, இப்போது வெண்கலம் என்று என் முணுமுணுப்பைப் பாதி அடக்கிவிட்டார். மீதிப் பாதி, இந்தப் பதினெட்டுப் பேரில் எத்தனை பேர் 2028-லும் 2032-லும் ஒலிம்பிக் மைதானத்தில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதைக் காட்ட அவருக்குக் காலமும் கொடுக்கப்பட வேண்டும்.

நமக்கும் வித்து இல்லாமல் போகவில்லை. கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் ஜகார்த்தாவில் இந்தியாவுக்கு ஆடினார்கள்; பாகிஸ்தானுக்கு எதிராகத் தன் முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் அவர் இருந்தார். அவர்களுக்கு அடுத்த வரிசை ஏன் தெரியவில்லை என்பதுதான் என் கவலை.

ஆகவே, விடுதிகளுக்கும் மாநில இளையோர் அணிகளுக்கும் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் குழுவினர், விண்ணப்பித்தவர் வாங்கிய கோப்பைகளை ஓரமாக வைத்துவிட்டு, அவரிடம் 14 வயதில் பயின்ற பையன்கள் 19 வயதில் எங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள் என்ற பட்டியலைக் கேட்க வேண்டும். ஆடிய நிமிடக் கணக்கையும் கேட்க வேண்டும். ஹாக்கியில் ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி இறக்கலாம். 60 நிமிட ஆட்டத்தில் கோல்கீப்பர் போக பத்துப் பேருக்கு மொத்தம் 600 நிமிடம். அதை 16 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 37 நிமிடத்துக்கு மேலேயே வரும். சிறுவர் போட்டியிலும் அதே பதினொரு பேரையே கடைசிவரை ஓடவிட்டு, மற்றவர்களைத் தண்ணீர் பாட்டில் தூக்க வைத்த பயிற்சியாளர் யார் என்பதை இந்தக் கணக்கு ஒரே பார்வையில் காட்டிக் கொடுத்துவிடும். அப்படித் தேர்ந்தெடுத்தவருக்கு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டு நெஞ்சில் கத்தி வைத்தாற்போல் காத்திருக்க விடாமல், ஒரு ஒலிம்பிக் சுற்றான நான்கு ஆண்டுகளை முழுதாகக் கொடுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் மாவட்டப் போட்டியில் தோற்றார் என்று யாராவது புகார் எழுதினால், அது நல்ல அறிகுறியாகக்கூட இருக்கலாம் என்று குழுவினர் ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

மாநிலச் சிறுவர் போட்டிகளில் ஒவ்வோர் அணியின் நிமிடக் கணக்கையும் எழுதி, கோல் விவரத்தோடு சேர்த்து வெளியிடுவதை வரும் பருவத்திலேயே தொடங்கலாம். அதற்கு ஆள் இல்லை என்று அதிகாரிகள் சொன்னால், என் நோட்டும் கடிகாரமும் தயாராக இருக்கின்றன. பேருந்துக் கட்டணம்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோவில்பட்டி வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.