பார்மட் அடிக்கும் முன்: கணினி சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்வீஸ் கடை நண்பர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் அப்டேட் ஏறவே மாட்டேன் என்கிறது என்று ஒரு கணினியைத் தூக்கி வந்தால் உங்கள் மேசையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு, பார்மட் அடிச்சிடலாம். சி டிரைவ் மட்டும்தான் போகும், டி அப்படியே இருக்கும்."

பார்மட் என்றால் டிரைவை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. அந்த சி டிரைவில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது. டெஸ்க்டாப்பில் குவிந்த கல்யாண போட்டோ, டவுன்லோட்ஸில் கிடக்கும் பத்திர ஸ்கேன், தமிழ் அடிக்கும் என்எச்எம் ரைட்டர், பிரவுசர் ஞாபகம் வைத்திருந்த பாஸ்வேர்டுகள். பைல்களை எடுத்து வைத்துவிட்டுத்தான் அடிக்கிறீர்கள், சரி. பிரிண்டரையும் கணக்கு எழுதும் டேலியையும் மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருவது யார்?

முதலில் பிழை எண்ணைப் பாருங்கள். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 என்ற அப்டேட் நினைவிருக்கும். 80070643 என்ற எண்ணோடு எத்தனையோ வீடுகளில் தோற்றது. உண்மைக் காரணம், விண்டோஸ் பழுதானால் மீட்பதற்கென டிஸ்க்கில் ஒதுக்கிய ரெக்கவரி பார்ட்டிஷனில் இடம் போதவில்லை என்பது. திரையில் அது வரவே இல்லை. அந்தப் பார்ட்டிஷனை 250 எம்பி பெரிதாக்கும் வழியை மைக்ரோசாஃப்ட்டே வெளியிட்டது. ரெக்கவரி பார்ட்டிஷனே இல்லாத கணினி என்றால் பிழையைக் கண்டுகொள்ள வேண்டாம் என்றும் சொன்னது. புதிதாக ஓஎஸ் போட்டாலும் அந்தப் பகுதி சிறியதாகவே அமைந்தால் அதே பிழைதான் திரும்ப வரும். 2025 ஏப்ரலில் வந்த இன்னொரு ரெக்கவரி அப்டேட்டிலும் இதே எண் தலைகாட்டியது. ரீஸ்டார்ட் செய்ததும் அது பொதுவாக ஏறிவிடுகிறது, செய்திதான் தவறு என்று அவர்களே விளக்கம் கொடுத்தார்கள். அதற்கும் பார்மட் அடித்திருந்தால் என்ன சொல்வது!

மற்ற கேஸ்களில் உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. சி டிரைவில் இடம் இருக்கிறதா, தேதி சரியா, இரண்டு ஆன்டிவைரஸ் மல்லுக்கட்டுகின்றனவா என்று ஒரு பார்வை. அப்புறம் அப்டேட் சர்வீஸையும், பின்னணியில் டவுன்லோட் செய்யும் பிட்ஸ் சர்வீஸையும் நிறுத்தி, அப்டேட் பைல்கள் சேரும் சாப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் போல்டரின் பெயரை மாற்றினால் பாதியில் கெட்டுப்போன டவுன்லோட் ஒழியும். அதிலும் சரியாகவில்லையா? விண்டோஸின் சொந்த ரிப்பேர் கட்டளைகள் இரண்டில், டிஸ்ம் ரெஸ்டோர் ஹெல்த்தை முதலில் ஓட்டி, கெட்ட சிஸ்டம் பைல்களை மாற்றும் எஸ்எஃப்சியைப் பிறகு ஓட்டுங்கள். எஸ்எஃப்சி மாற்றுப் பைல்களை எடுக்கும் கிடங்கை டிஸ்ம்தான் சரிசெய்கிறது, அதனால் இந்த வரிசை முக்கியம். டிஸ்ம் 62 சதவீதத்தில் அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பொறுமை இழந்து மூடிவிடாதீர்கள்.

எதுவும் பலிக்கவில்லை என்றாலும் பார்மட்டுக்கு முன் ஒரு படி பாக்கி இருக்கிறது. அதே பதிப்பின் ஐஎஸ்ஓவை (விண்டோஸ் இன்ஸ்டால் பைலை), ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே திறந்து செட்டப்பை இயக்குங்கள். பைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் சிஸ்டம் பைல்கள் புதிதாக வந்துவிடும், வாடிக்கையாளரின் பொருள் அதனதன் இடத்தில் இருக்கும். பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் இந்த வாய்ப்பே வராது. பேக்கப்பும், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயும் கையில் இருக்கின்றனவா என்று முன்னதாகக் கேட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது: "அப்டேட்டையே ஆஃப் பண்ணிட்டேன், இனிமே தொல்லை இல்ல." வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போய்விடுகிறார். 2017 மே மாதம், பைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாகிரை வைரஸ் பரவியபோது அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. சிக்கியவை அதை ஏற்றாத கணினிகள். ஆஃப் செய்துதான் தர வேண்டிய நிலை என்றால் அதை பில்லில் எழுதுங்கள்.

பார்மட் போட்டுவிட்டு நீங்கள் அடுத்த வேலையைப் பார்க்கலாம், இதற்கோ கூடவே உட்கார வேண்டும் என்பது புரிகிறது. ஆகவே கூலியைத் தனியாகக் கேளுங்கள். பார்மட்டுக்கு ஒரு ரேட், ரிப்பேருக்கு ஒரு ரேட் என்று போர்டிலேயே எழுதி மாட்டுங்கள். இரண்டாவது ரேட்டைக் கொடுக்க எங்களில் பலர் தயார். அப்படி ஒன்று இருப்பதையே யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

இப்படிக்கு,
வீட்டுக் கணினி வாடிக்கையாளர் ஒருவர்