படம் எடுக்கப் பணம் தருகிறீர்கள், பாதுகாக்க யார் தருவது?

சூழலியல் ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ட்ரோன் வாங்க நிதி ஒதுக்குகிறீர்கள், களப்பயணத்துக்கும் ஒதுக்குகிறீர்கள். எடுத்த படங்களை ஒழுங்குபடுத்தி, பத்திரப்படுத்தி, பிறருக்குக் கிடைக்கச் செய்யும் வேலைக்கோ பல திட்டங்களில் ஒரு பைசாவும் இல்லை. ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போனதும் படங்கள் ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் தங்கிவிடுகின்றன. எந்த ஃபோல்டர் எந்த இடம், எந்த மாதம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

தரவைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு லேண்ட்சாட்டே சாட்சி. 1972 முதல் பூமியைப் படமெடுத்து வரும் இந்தச் செயற்கைக்கோள் வரிசையின் படங்களை 2008-ல்தான் இலவசமாக்கினார்கள். அதற்கு முன் லேண்ட்சாட் 7 படம் ஒன்றின் விலை சுமார் 600 டாலர். கையில் இருந்த காசுக்குக் கிடைத்த சில படங்களை வைத்தே ஆய்வாளர்கள் காலம் தள்ளினார்கள். 2013-ல் வெளிவந்த உலகளாவிய காட்டு மாற்ற வரைபடம் 6,54,178 படங்களை அலசி உருவானது. பழைய விலையில் அவற்றை வாங்க ஏறக்குறைய 39 கோடி டாலர் ஆகியிருக்கும். அப்படி ஒரு ஆய்வை யாரும் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் படத்தை இணையத்தில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைப் பதப்படுத்தும் முறை 2022 ஜனவரி 25 அன்று மாறியது. அன்று முதல் பிக்சல் மதிப்புகளோடு 1000 கூட்டித் தருகிறார்கள். கணக்கிடும்போது அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பசுமையின் அளவைச் சொல்லும் தாவரக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: அகச்சிவப்பு, சிவப்பு மதிப்புகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். அகச்சிவப்பில் 3000, சிவப்பில் 500 காட்டிய காட்டுக்கு அது 0.71. கழிக்க மறந்தால் அதே காடு 4000, 1500 என்று தெரியும், குறியீடு 0.45 ஆகிவிடும். ஒரு மரம்கூடப் பட்டுப்போகவில்லை, ஆனாலும் காடு அழிந்ததாக ஒரு கட்டுரை எழுதிவிடலாம்! எந்தப் பதிப்பில் பதப்படுத்தியது என்ற ஒற்றை வரி கோப்போடு இருந்தால் இந்தத் தவறைத் தவிர்க்கலாம்.

ஒரு பெரிய விண்வெளி நிறுவனம் முறையாக அறிவித்துச் செய்த மாற்றத்திலேயே இவ்வளவு சிக்கல் என்றால், தனித்தனிக் குழுக்களின் ட்ரோன் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பறந்த உயரம், கேமராவின் வகை, நேரம், ஒளி அளவைச் சரிசெய்யும் பலகையின் படம், இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவு முறை எல்லாம் உடன் இருக்க வேண்டும். ஒட்டி முடித்த பெரிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழிப்பது எனக்குப் பெரும் இழப்பாகப் படுகிறது. நாளை இதைவிட நல்ல மென்பொருள் வந்தால் மரங்களின் உயரத்தை மறுபடி கணிக்க அவைதான் வேண்டும். எந்த மரம் என்ன இனம் என்று களத்தில் நடந்து குறித்த பட்டியலும் கூடவே இருக்கட்டும். அது இல்லாவிட்டால் மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் வெறும் பச்சைதான்.

எல்லாவற்றையும் உடனே திறந்து போடச் சொல்லவில்லை. அருகிவரும் பறவையின் கூடு எங்கே இருக்கிறது என்பது வேட்டைக்காரர் கைக்குப் போகக் கூடாது. அங்கே இடத்தைத் துல்லியம் குறைத்துத்தான் தர வேண்டும். அந்த நிலத்தில் வாழும் மக்களிடம் கேட்காமல் அவர்கள் வீட்டு முற்றத்தைப் பொதுவெளியில் வைப்பதும் சரியல்ல. களத்தில் உழைத்தவர் முதலில் கட்டுரை எழுத ஓரிரு ஆண்டுகள் அவகாசம் கேட்டால் கொடுங்கள். மறைப்பதற்கான காரணத்தையும் திறக்கும் தேதியையும் எழுதி வாங்கிவிடுங்கள், அது போதும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த விண்ணப்பப் படிவத்திலேயே தரவுப் பராமரிப்புக்குத் தனிச் செலவினம் சேருங்கள். அதில் சேமிப்பிடத்தோடு அந்த வேலையைப் பார்ப்பவரின் சம்பளமும் அடங்க வேண்டும். படங்களும் விவரக்குறிப்புகளும் நிலையான பொதுக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகே கடைசித் தவணையை விடுவியுங்கள். அடுத்த முறை அதே குழு நிதி கேட்டு வரும்போது, அவர்கள் முன்பு பகிர்ந்த தரவையும் கட்டுரைக்கு இணையாக மதிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தொலையுணர்வுப் படங்களோடு வேலை செய்யும் ஒரு சூழலியல் ஆய்வாளர்