கிப்ஸ் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் முடிந்ததும் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஈகிள்ஸ் அணி பந்தோடு ஓடும் சாக்வான் பார்க்லியை நம்பிக் கோப்பையைத் தூக்கியது, டெட்ராய்ட் லயன்ஸும் தன் இரண்டு ஓட்டக்காரர்களில் டேவிட் மான்ட்கோமரியை ஓரங்கட்டிவிட்டு ஜமீர் கிப்ஸ் கையிலேயே பந்தைக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் மிச்சிகனில் மகன் வீட்டில் இரண்டு சீசனாக இந்த ஆட்டத்தைப் பார்க்கிறவன். அதற்கு முன் 31 வருடம் பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டியூட்டி போட்டவன். ஆட்டம் புதிது, இந்தப் பிரச்சினை எனக்குப் பழையது.

2024-ல் கிப்ஸ் பந்தோடு ஓடியது 250 முறை, 1,412 யார்டு (ஒரு யார்டு மூன்று அடி). மான்ட்கோமரி 185 முறை, 775 யார்டு. ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 5.6-க்கு 4.2, அதனால் முதல் ஆளுக்கே கொடு என்பது கட்டுரையாளர் வாதம். அந்த 4.2 எந்த இடத்தில் எடுத்தது என்று அவர் பார்க்கவில்லை. பத்து யார்டு நகர்த்த நான்கு வாய்ப்புதான், ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றாவது டவுன், இன்னும் ஒரு யார்டு வேண்டும், எதிரணியில் எட்டுப் பேர் முன்னால் வந்து அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பந்து யாரிடம் போகும் என்று மைதானத்துக்கே தெரியும். மான்ட்கோமரி தலையைக் குனிந்து உள்ளே நுழைவார். குவியல் அப்படியே அசங்காமல் நிற்கும், பிறகு மெல்ல ஒரு முழம் நகரும். அது போதும். கணக்கில் ஏறுவது ஒரே ஒரு யார்டு. 14 ஆட்டத்தில் 12 டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுபோவது) போட்டவரும் அவர்தான். (மகன் ஆபீஸ் ஃபேன்டஸி லீகில், அதாவது நிஜ வீரர்களைத் தேர்ந்து அவர்கள் ஆட்டத்துக்குப் புள்ளி வாங்கும் போட்டியில், கிப்ஸை எடுத்து வைத்திருக்கிறான். கிப்ஸ் எல்லைக்கு இரண்டு யார்டு வரை கொண்டுவந்து, மான்ட்கோமரி உள்ளே போனால் இவனுக்குச் சோறு இறங்காது.)

எங்கள் டிப்போவில் டீசல் சிக்கனத்தில் முதலாக வந்த டிரைவர் ஒருவர் இருந்தார். மேலே இருந்து சொன்னார்கள் என்று பொங்கல் நெருக்கடியில் அவருக்கே டபுள் டியூட்டி போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலை, டிப்போவுக்குள் திரும்பும்போது கண் அசந்து வண்டியைக் கேட் தூணில் வைத்துவிட்டார். மெமோ அவருக்குத்தான் போனது. டியூட்டி போட்ட எனக்கு வரவில்லை.

இங்கேயும் அதே கதை உண்டு. கான்சஸ் சிட்டி அணியில் லாரி ஜான்சனை 2006-ல் ஒரே சீசனில் 416 முறை ஓடவிட்டார்கள், இன்றைக்கும் அதுதான் சாதனை. மறு வருடம் எட்டாவது ஆட்டத்தில் பாதம் போயிற்று. டென்னசி அணியில் டெரிக் ஹென்றி 2020-ல் 378 முறை ஓடி 2,027 யார்டு எடுத்தார். அவருக்கும் மறு வருடம், அதே எட்டாவது ஆட்டம், அதே பாதம்தான். ஹென்றி மீண்டு வந்து இன்னும் ஓடுகிறார். அவரை வைத்து மற்றவர்களுக்கு டியூட்டி போட முடியாது.

பார்க்லி விஷயத்திலேயே கட்டுரை பாதியைத்தான் சொன்னது. 1984-ல் எரிக் டிக்கர்சன் எடுத்த ஒரு சீசன் சாதனையான 2,105 யார்டைத் தாண்ட அவருக்கு 101 யார்டுதான் பாக்கி. ஈகிள்ஸ் கடைசி லீக் ஆட்டத்தில் அவரை உட்கார வைத்தது. நீங்கள் உதாரணம் காட்டும் அணியே சுமையை எண்ணிப் பார்த்திருக்கிறது.

டிசம்பரில் மான்ட்கோமரி முழங்கால் அடிபட்டு உட்கார்ந்தபோது கிப்ஸ் மூன்று ஆட்டத்தைத் தனியாக இழுத்தார், மின்னசோட்டா அணிக்கு எதிராக நான்கு டச்டவுன். உண்மைதான். அதற்கு முந்தைய 14 ஆட்டத்தில் ஏறக்குறைய சரிபாதி மான்ட்கோமரி ஓடியதால்தானே ஜனவரியில் அந்தக் கால்களில் அவ்வளவு மிச்சமிருந்தது? எறிந்த பந்தைப் (பாஸ்) பிடித்து கிப்ஸ் ஓடியது வேறு 52 முறை. அதையும் சுமையில் சேர்க்க வேண்டும். லயன்ஸ் வாஷிங்டன் அணியிடம் 45-31 என்று தோற்றதற்குக் காரணமும் இருவருக்கும் பங்கு பிரித்தது அல்ல. பந்தை ஐந்து முறை பறிகொடுத்த அணி எப்படி ஜெயிக்கும்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கிப்ஸ் அப்போதுதான் இருபது யார்டு கிழித்துக்கொண்டு போயிருப்பார். அடுத்த முறை பந்து கிடைத்ததும், முறை வந்துவிட்டது என்று மான்ட்கோமரி இறங்குவார். எனக்கே எரிச்சல் வரும். டிப்போவில் சுற்று மாறினால் சங்கத்துக்காரர்கள் மேசை முன் வந்து நிற்பார்கள். லயன்ஸ் பயிற்சியாளர் டான் கேம்பலுக்கு அந்தத் தொல்லை இல்லை. நன்றாக ஓடுகிறவனை அப்படியே ஓட விட்டுவிடலாம். ஓர் ஆட்டத்தில் கிப்ஸுக்குப் பதினைந்து ஓட்டம், மான்ட்கோமரிக்குப் பத்து என்று வைத்து, முன்னிலையில் இருந்தால் கடைசிக் கால் பகுதியான நாலாவது குவார்ட்டரை மூத்தவரான மான்ட்கோமரியிடம் ஒப்படைத்தால் போதும். லயன்ஸுக்கு ஆட்டத்தை வகுத்துக் கொடுத்த பென் ஜான்சன் 2025 ஜனவரியில் சிகாகோ அணிக்குப் போய்விட்டார். புதிதாக வருகிறவர் இதைக் கலைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிப்போ ஊழியர், மிச்சிகன்

பி.கு.: படத்தின் கீழ் மான்ட்கோமரியை 'மாற்று வீரர்' என்று போட்டிருக்கிறீர்கள். 2024 அக்டோபரில் அவருக்கு இரண்டு வருட ஒப்பந்த நீட்டிப்பு, 1.8 கோடி டாலருக்கு மேல். மாற்று ஆளுக்கு யாரும் இவ்வளவு தருவதில்லை. திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.