முதலில் மெத்தை

ஆசிரியருக்கு,

ஒலிம்பிக் ஆயத்தம் பற்றிய தங்கள் தலையங்கம் ஜிம்னாஸ்டிக்ஸை ஒரே வரியில் கடந்துவிட்டது. அலகாபாத்தின் ஆஷிஷ் குமார் 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் தரைப்பயிற்சியில் வெண்கலமும் ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாவும் வால்ட்டில் வெள்ளியும் வென்றார். அதே ஆண்டு குவாங்சோ ஆசியப் போட்டியில் இன்னொரு வெண்கலம். இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் அதுவரை காணாத பதக்கங்கள் இவை. அப்படியும், 1964க்குப் பின் நம் ஆண் வீரர் ஒருவர்கூட ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் களமிறங்கவில்லை. திறமைக்கா பஞ்சம்? அஞ்சாமல் விழுந்து பழக இடமில்லை.

உடற்கல்வி ஆசிரியராக நான் பணியாற்றிய பள்ளியில், ஓரம் கிழிந்து தேங்காய் நார் பிதுங்கிய மெத்தையில்தான் மாணவர்கள் குட்டிக்கரணம் பழகினார்கள். அதில் இரட்டைச் சுழற்சிக்கு யார் துணிவார்? மாவட்ட விளையாட்டரங்கு ஒவ்வொன்றிலும் விழுந்தாலும் அடிபடாதபடி நுரைப்பஞ்சு நிரப்பிய பயிற்சிக் குழி ஒன்றை அரசு அமைக்கட்டும். பரிசுத்தொகை அறிவிப்புகள் அதன்பின் வரலாம்.

– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், திருச்சி