கல்லூரி கேன்டீன் குழுவினருக்கு ஒரு அப்பாவின் மடல்

முதல்வர் அவர்களுக்கும் கேன்டீன் குழுவினருக்கும் வணக்கம்.

உங்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா நான். மதுரை சிம்மக்கல் பக்கம் 20 வருடமாக டிபன் கடை வைத்திருக்கிறேன்.

போன மாதம் என் மகளுக்கும் அவள் அறைப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரே ராத்திரியில் வாந்தி. மத்தியானம் மூவரும் சாப்பிட்டது கேன்டீன் தயிர்சாதம். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. மறுநாள் அவளைப் பார்க்க வந்தபோது கேன்டீன் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். காலையில் வடித்த சாதம் அண்டாவில் மூடியபடி மதியம் வரை வெதுவெதுப்பாகக் கிடந்தது. அப்படிக் கிடக்கும் சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சூடான சாப்பாடு 60 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்வது இதனால்தான். மதுரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். மொத்த அரிசியையும் ஒரே ஈடாக வடிக்காமல் இரண்டு ஈடாக வடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. சாதம் பரிமாறும் அக்கா முகம் வாடி நின்றார். கேட்டேன். "மூணு நாளா வயித்தால போகுதுண்ணே. லீவு போட்டா சம்பளம் போயிரும்" என்றார். அவர் கை கழுவ அங்கே ஒரு குழாய்கூட இல்லை, சோப்பும் இல்லை. அவர்மேல் தயவுசெய்து கோபப்படாதீர்கள். வயிற்றுப்போக்கு உள்ளவரைச் சாப்பாட்டில் கை வைக்க விடக் கூடாது, வருடத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதெல்லாம் நடத்துகிறவர் பொறுப்பு. என் கடையிலும் மாஸ்டர் ஒருவர் இப்படி வந்து நின்ற பிறகுதான், உடம்பு முடியாத நாளுக்கும் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தேன். அதனால் கடை நொடித்துவிடவில்லை.

அடுத்த டெண்டரில் இதை எழுதிச் சேர்த்துவிடுங்கள்: உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளத்தோடு லீவு. விலை குறைத்துக் கேட்டவருக்கே கொடுப்பது என்று போனால், அவர் மிச்சம் பிடிப்பது சோப்பிலும் ஆள் கூலியிலும்தான். அதற்காகச் சாப்பாட்டுக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் கட்டுகிறேன். குழாய்க்கு மட்டும் டெண்டர் வரை காத்திருக்க வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வருவேன். உங்களில் ஒருவர் என்னோடு பின்பக்கம் வாருங்கள். குழாய் எங்கே வைக்கலாம் என்று காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா