பிணை கேட்ட மருமகளுக்கு

அன்பு மருமகளுக்கு,

முடிவு எடுத்துவிட்டேன். காளான் கொட்டகை போட நீ எடுக்கப்போகிற அந்த ஐந்து இலட்சம் கடனுக்கு நான் பிணைக் கையெழுத்து வைக்கப் போவதில்லை. அன்றைக்கு வீட்டில் அத்தனை பேர் இருக்க அதைச் சொன்ன விதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தனியாக என்றால் நீ என்னை வளைத்துப்போட்டிருப்பாய், நானும் கையெழுத்து வைத்திருப்பேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

இதை ஊர் வாசிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் கோபப்படுவாய். உன் பெயரைப் போடவில்லை. உன்னைப் போலவே உயிரியல் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒட்டுசுட்டானிலும் விசுவமடுவிலும் பரந்தனிலும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உன் அப்பா, என் அண்ணாவும் வாசிப்பார். அதனால் வீட்டுக் கதைகளில் சிலதைத் தொடாமல் போகிறேன்.

உன் திட்டம் எனக்கு விளங்காமல் இல்லை. மரத்தூள் நிரப்பின 3,000 பையில் சிப்பிக்காளான், தகரக் கொட்டகை, தண்ணீர் தெளிக்கும் இயந்திரம். காகிதத்தில் வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் எல்லா மாதமும் ஒரே விளைச்சல் போட்டிருக்கிறாய். மாரியில் சரி. கார்த்திகை, மார்கழியில் ஈரப்பதன் தானாகவே இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும், பையை வெட்டிவிட்டால் மொட்டு வரும். கோடைக் காற்றான சோளகம் தொடங்கினால்? காற்று கொட்டகைக்குள் புகுந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும், தகரத்துக்குக் கீழே வெக்கை 35 பாகையைத் தாண்டும். மொட்டு மஞ்சளாகிக் காய்ந்துபோகும். கடன் தவணை ஆடி, ஆவணி என்று பார்க்காது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கிழமைக் கடன் என்ன செய்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. 2018 இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் கொடுக்க வேண்டி வந்தது. எங்கள் குடும்பத்தில் நடந்ததை எழுதவில்லை. அண்ணா வாசிப்பார் என்று சொன்னேனே.

ஆனால் நான் எழுத வந்தது கடனைப் பற்றி அல்ல. மாதர் சங்க மண்டபத்தில் நீ அந்தப் பையை வெட்டின நிமிசம் என் மண்டையை விட்டுப் போகுதில்லை.

நிலத்தில் பச்சைப் பூஞ்சணம் பிடித்த காளான் பைகள் குவிந்து கிடந்தன. முன்னுக்கு நின்று கதைத்தவர், கை கழுவாமல் வித்து, அதாவது நெல்மணியில் வளர்த்த காளான் இழை, போட்டால் இப்படித்தான் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண்கள் குனிந்த தலை நிமிரவில்லை. நீ ஒரு பையை மடியில் வைத்து பிளேட்டால் மேலிருந்து கீழ்வரை நீளமாகப் பிளந்தாய். மற்ற எல்லாரும் பையை வெளியிலிருந்து பார்த்தார்கள். நீ ஒருத்திதான் உள்ளுக்குப் பார்த்தாய். பச்சை எங்கே தொடங்கியிருக்கிறது என்று தேடினாய். பையின் வாயை அடைத்த பஞ்சுக்குக் கீழே, வாயடியில் தொடங்கியிருந்தால் வித்துப் போடும்போது காற்றிலிருந்து வந்தது, அல்லது பஞ்சு நனைந்துவிட்டது. வித்தே போய்ச் சேராத நடுவிலும் அடியிலும் என்றால் வித்துப் போட முன்னம் பையை நீராவியில் அவித்த அவியல் போதவில்லை. அவிக்கிற பரலுக்குள் பைகளை நெருக்கி அடுக்கினால் நீராவி நடுப் பைகளுக்குள் போகாது. அந்தப் பையில் இரண்டும் இல்லை. ஒவ்வொரு நெல்மணியையும் சுற்றி வட்டம் வட்டமாகப் பச்சை. நீ இன்னும் இரண்டு பையைப் பிளந்தாய். அதே வட்டம்.

எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மாமி, வித்துத்தான் பழுது. இவையின்ர கையில பிழையில்லை" என்றாய். பிறகு பிளேட்டைத் துடைத்துவிட்டு இருந்துவிட்டாய்.

நீ எழும்பிச் சொல்லவில்லை, பிள்ளை. அந்தப் பெண்கள் தங்கள் கையில்தான் பழி என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நாலு வருசம் பம்பைமடுப் பல்கலைக்கழகத்தில் நுணுக்குக்காட்டிக்குள் பார்த்த கண் அது. வாய் மட்டும் ஏன் வரவில்லை? அன்று பின்னேரமே அண்ணாவுக்கு முன்னால், "இந்தக் காளானுக்கோ நான் நாலு வருசம் படிச்சனான்?" என்று கேட்டாய். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: ஓம், இதற்குத்தான். அந்த வட்டத்தைப் பார்க்கத்தான். அந்த வித்து எங்கிருந்து வந்தது என்பதை இங்கே எழுத முடியாது. காரணம் உனக்குத் தெரியும்.

ஆகவே காளான் விற்காதே. வித்து விற்பனை செய். காளான் போட யாரும் பழகலாம். மரத்தூள் 10 கிலோவுக்குத் தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், பயற்றம் மா 100 கிராம், மக்னீசியம் சல்பேற்று 20 கிராம். கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேணும், தண்ணீர் சொட்டக் கூடாது. இதை ஒரு நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடலாம். வேறு கிருமி கலக்காத காளான் இழையை, தூய வளர்ப்பை, மாதக்கணக்காகத் தூய்மையாக வைத்திருக்கிற வேலைதான் ஒரு நாளில் வராது. தெற்கிலிருந்து வருகிற வித்து பஸ்ஸின் அடிப்பெட்டிக்குள் ஒரு பகல் முழுக்க வெந்து வருகிறது. 40 பாகைக்கு மேல் அந்த வெள்ளை இழை என்ன ஆகும் என்று நீயே சொல்லு. மாங்குளத்தில் நீ ஒரு வித்தறை வைத்தால் வெள்ளனப் பஸ்ஸில் வெயில் ஏற முன்னமே முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்ச் சேரும்.

இழை வளர்க்கிற உருளைக்கிழங்கு ஏகார் ஊற்ற உனக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. நெல்லைப் பற்றித்தான் சொல்ல வேணும். அதில்தான் பட்டதாரிகள் விழுகிறார்கள்.

பதரை மிதக்கவிட்டு அகற்றி, நெல்லை 12 இலிருந்து 24 மணித்தியாலம் ஊறவை. நெல்லோடு வருகிற பசிலசு என்ற பக்டீரியாவின், சூடு தாங்குகிற அகவித்திகள் கொதிநீருக்குச் சாகாது. ஊறும்போது அவை முளைத்துவிட்டால் பிறகு சூட்டில் சாகும். அவசரத்துக்கு ஊறவைக்காமல் அவித்தால், நாலாம் நாள் போத்தலுக்குள் புளித்த மணமும் வழுவழுப்பும். அவிக்கும்போது சில மணிகளின் நுனி வெடிக்கத் தொடங்கினதும் இறக்கிவிடு. சோறாக வெடித்தால் மாப்பொருள் கசிந்து மணிகள் ஒட்டிக்கொள்ளும். வலையில் பரப்பி மேல் ஈரம் போகும்வரை விடு. ஒரு பிடியைக் கடதாசியில் வைத்து அமத்து, ஈரத் தடம் விழக் கூடாது. பிறகு கிலோவுக்கு 20 கிராம் கல்சியம் காபனேற்றுக் கலந்து, போத்தலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் நிரப்பு. மிச்ச இடம் குலுக்குவதற்கு. பஞ்சு அடைத்து அதற்கு மேல் கடதாசி கட்டு.

ஓட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி கொல்கிற இயந்திரம்) இல்லாமல் தொடங்க முடியாது என்று நினைக்கிறாய். பெரிய பிரஷர் குக்கர் காணும். வெயிட் போட முன்னம் 5 இலிருந்து 10 நிமிசம் நீராவியைத் திறந்து விடு. உள்ளே காற்று நின்றால் அழுத்தம் 15 இறாத்தல் காட்டும், சூடு 121 பாகைக்கு வராது. இந்த ஒரு காரணத்தால்தான் பலரின் வித்து பழுதாகிறது, அவர்களும் தங்கள் கையைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நெல்லுக்கு ஒன்றரை மணித்தியாலம். ஏகாருக்கு வைக்கிற 20 நிமிசம் இங்கே செல்லாது, சூடு மணியின் நடுவரை போக வேணும். தண்ணீர் வற்றாத அளவுக்கு முதலிலேயே விட்டு, வெயிட் தூக்கினதும் தீயைக் குறை. ஆறும்வரை மூடியைத் தொடாதே. சூட்டோடு திறந்தால் போத்தல்கள் ஆறும்போது அறைக் காற்றை உள்ளே இழுக்கும்.

வித்து மாற்றக் கண்ணாடிப் பெட்டி போதும், முன்னால் கை நுழைய இரண்டு ஓட்டை. மின்விசிறி நிற்க வேணும், பக்கத்து அறையில் தூசி தட்டக் கூடாது. 70 வீத ஸ்பிரிட்டால் துடை. பெட்டிக்குள் ஸ்பிரிட் ஆவி இருக்கும்போது விளக்குக் கொளுத்தாதே, துடைத்து உலர்ந்த பிறகுதான் நெருப்பு. இதைப் பகிடியாக எடுக்காதே, முகம் போய்விடும்.

இனி, உன் பட்டம் தெரிய வேண்டிய இடம். ஒவ்வொரு அவியலிலும், அதாவது ஒரு தடவை அவித்தெடுக்கிற தொகுதியில், இரண்டு போத்தலுக்கு வித்துப் போடாமல் ஒரு கிழமை வை. அவை பழுதானால் அவியல் பிழை. அவை சுத்தமாக இருந்து மற்றவை பழுதானால் கை அல்லது தாய் வளர்ப்பு (வித்துக்கு எடுத்த முதல் இழை) பிழை. கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கின அதே விஷயம்தான். மூன்றில் ஒரு பங்கு வெளுத்ததும் குலுக்கு. இரண்டு, மூன்று கிழமையில் முழுதாக வெளுக்கும். திகதி, அவியல் இலக்கம், தாய் வளர்ப்பிலிருந்து எத்தனையாம் தலைமுறை, மூன்றும் ஒவ்வொரு போத்தலிலும் இருக்க வேணும். வித்திலிருந்து வித்து என்று போய்க்கொண்டே இருந்தால் வீரியம் குறையும், மகசூல் இறங்கின பிறகுதான் தெரியவரும். ஒரு கிலோப் பைக்கு 10 இலிருந்து 15 கிராம் வித்துப் போதும். விற்க முன்னம் அதே அவியலில் ஒரு போத்தலை எடுத்து உன் வீட்டில் பைகளுக்குப் போட்டுப் பார். பழுதானால் முழு அவியலையும் அழி. அந்த நட்டத்தை வாங்கின பெண்ணின் தலையில் கட்டாதே.

சோளகக் காலத்துக்கு என்ன விற்பாய் என்று கேட்பாய். வைக்கோல் காளான். சிப்பி வாடுகிற 30 இலிருந்து 35 பாகைதான் அதற்கு விருப்பம். வைக்கோல் வாங்க ஓட வேண்டாம், காலபோக அறுவடை முடிந்தால் வயலிலேயே கிடக்கும். மழை படாத, பொன்னிறமான இந்தப் போகத்து வைக்கோல் மட்டும் எடு. சாம்பல் பூத்ததில் ஏற்கெனவே வேறு பங்கசு (பூஞ்சணம்) குடியிருக்கும். படுக்கை போட்டுப் பத்து, பதினான்கு நாளில், முட்டை வடிவத்தில் இருக்கும்போதே பறிக்க வேணும். மகசூல் குறைவு, காய்ந்த வைக்கோல் எடையில் 10 இலிருந்து 15 வீதம் வந்தால் நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நீராகக் கரைந்துபோகும், அன்றைக்கே விற்க வேணும். கவனம், அதன் வளர்ப்பும் அப்படித்தான். சிப்பியின் தாய் வளர்ப்பை 4 பாகையில் வைக்கிற பழக்கத்தில் இதையும் வைத்தால் செத்துவிடும். 15 பாகைக்குக் கீழே இறக்காதே.

அரச வேலையை விடு என்று நான் சொன்னதாக அண்ணாவிடம் சொல்லியிருக்கிறாய். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வர்த்தமானியை ஒன்று விடாமல் பார். காலையில் இரண்டு மணித்தியாலம் நுண்ணறிவு, பொது அறிவுக்கு ஒதுக்கு. வேலை கேட்டுக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் பந்தல் போட்டு இருந்த பட்டதாரிகளை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் 2020 இல் அரசாங்கம் 50,000 பட்டதாரிகளைப் பயிலுனராக எடுக்க அறிவித்தபோது கொடுப்பனவு மாதம் 20,000 ரூபாய். அதற்காக வீட்டில் இருந்து காத்திருந்த வருசங்களுக்கு யாரும் கணக்குக் கொடுக்கவில்லை. உயர்தர உயிரியலுக்குப் பின்னேர வகுப்பு எடு, வன்னியில் அதற்குப் பிள்ளைகள் தேடி வருவார்கள். கைச்செலவு அதில் வரும், முதல் ஆறு மாதம் வித்தறையிடம் நீ காசு கேட்கத் தேவையில்லை. பிரதேச செயலகத்து விதாதா (சிறு தொழில்களுக்கான தொழில்நுட்ப உதவி) நிலையத்தில் போய்க் கதை, காளான் போடுகிறவர்கள் யார் யார் என்று அங்கேதான் தெரியும். வணிகப் பெயரையும் பிரதேச செயலகத்திலேயே பதியலாம். போத்தலில் போடுகிற திகதி, இலக்கம் எல்லாவற்றையும் ஒரு அவியல் கொப்பியிலும் ஒழுங்காக எழுது. நாளைக்கு உணவுத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு நேர்முகம் போனால் சான்றிதழுக்குப் பக்கத்தில் அதையும் வை. மற்றவர்களிடம் அது இருக்காது.

கடனுக்குப் பதிலாக நான் தருவதை எழுத்தில் தருகிறேன், பிறகு இல்லை என்று சொல்லமுடியாதபடிக்கு. என் பெரிய குக்கர், கண்ணாடிப் பெட்டி, வெற்றுப் போத்தல் அத்தனையும், மேற்குப் பக்கத்துச் சின்ன அறை. வாடகை இல்லை. முதல் வருசம் பங்கும் கேட்கமாட்டேன். ஒரு நிபந்தனை மட்டும். உன் முதல் சுத்தமான அவியலை அந்த மண்டபத்துப் பெண்களுக்கு இலவசமாகக் கொடு. கொடுக்கும்போது, அன்றைக்குப் பழுதானது வித்து என்று அவர்களுக்கு முன்னால் நீயே எழும்பிச் சொல்லு. அது உனக்குக் கஷ்டம் என்று தெரியும். வராவிட்டால் அறையைப் பூட்டித்தான் வைத்திருப்பேன். உன்மேல் எனக்குள்ள பாசத்தில் ஒன்றும் குறையாது, அறை மட்டும் திறக்காது.

நெல் இரண்டு கிலோவை வெள்ளி இரவு உன் வீட்டிலேயே ஊறவை. சனி பின்னேரம் வடித்துக்கொண்டு வா, அவிப்பது இங்கே.

மாமி