அரசுப் பள்ளிக்கு நேரம் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே வகுப்புக்குள் போக வேண்டும்.

பணி ஓய்வு பெற்றவர்களுக்கு வாசிப்புத் துணை பொருத்தம். ஒருவருக்கு 4 பிள்ளைகள், 20 நிமிடம். பத்துப் பேரை உட்கார வைத்தால் முன்னால் இருக்கும் இருவர்தான் படிப்பார்கள், மற்றவர்கள் வாயசைப்பார்கள். ல, ள, ழ தடுமாறினால் உடனே திருத்தாதீர்கள், வரி முடியட்டும்.

கல்லூரிப் பிள்ளைகள் கணக்கு சொல்லித் தரலாம். சறுக்கும் இடம் கடன் வாங்கிக் கழித்தல், அதிலும் நடுவில் பூஜ்ஜியம் வருவது: 403-இல் 168 போக எவ்வளவு? ஈர்க்குச்சியை 100, 10 எனக் கட்டி, நூறு கட்டை அவிழ்த்துப் பத்துக் கட்டுகளாக்கி, அதில் ஒன்றைப் பிரித்துக் காட்டினால் பிடிபடும். கரும்பலகை மட்டும் போதாது.

குழாய் வேலை தெரிந்தவர்கள் சனிக்கிழமை வாருங்கள், அரை அங்குல வாஷர் பத்தோடு.

பிள்ளைகளைப் படம் எடுத்து இங்கே பதிவாகப் போடாதீர்கள். வர முடியாவிட்டால் முதல் நாளே பள்ளிக்குச் சொல்லிவிடுங்கள்.